மீண்டும் சாரதி ஆசனத்தில்: உள்ளூர் ஹயர் ஓட்டத்திலிருந்து தொடங்குவது எப்படி?

இடம்பெயர்வதற்கு முன்னர் லொறி ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றிய பலர் இப்போது சொந்தக் கிராமங்களுக்குத் திரும்பியிருக்கிறீர்கள். சிலரது வாகனம் இடம்பெயர்ந்த வழியிலேயே விடப்பட்டது. சிலரிடம் வாகனம் இருந்தும் கடதாசிகள் இல்லை. வேறு சிலருக்கு இரண்டும் இல்லை, கையில் தொழில் மட்டும் இருக்கிறது. ஏ9 வீதி திறந்த பின்னர் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையில் இரவு பகலாகப் பார லொறிகள் ஓடுகின்றன. அதைப் பார்க்கும்போது தவணைக்கு ஒரு லொறி எடுத்து உடனே அந்த ஓட்டத்தில் இறங்கலாம் என்று தோன்றுவது இயல்பு.

இந்தக் கட்டுரை வேறு ஒரு வழியைச் சொல்கிறது. முதலில் உங்கள் ஊரைச் சுற்றி முப்பது, நாற்பது கிலோமீற்றருக்குள் பொருட்களை ஏற்றி இறக்கும் ஹயர் ஓட்டத்தில் காலூன்றுங்கள். ஓட்டம் நிலைத்த பின்னர் வாகனத்தைப் பற்றி யோசியுங்கள். வாகனத்தை முதலில் எடுத்துவிட்டு ஓட்டத்தைப் பிறகு தேடுகிற குடும்பம், ஓட்டம் கிடைக்காத மாதத்திலும் தவணை கட்ட வேண்டும்.

ஏன் உள்ளூர் ஓட்டம்?

மீள்குடியேறிய இடங்களில் இப்போது அதிகம் தேவைப்படுவது சிறிய சுமைகளைக் குறுகிய தூரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வாகனம்தான். இந்திய வீட்டுத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கீழ் புதிய வீடு ஒன்றுக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாக வழங்கப்பட்டது. பயனாளியே பொருள் வாங்கி, மேசனைப் பிடித்து வீட்டைக் கட்டினார். முழுச் சீமெந்தையும் ஒரே நாளில் வாங்க அவரிடம் பணம் இருக்காது, வாங்கினாலும் வைக்க இடம் இருக்காது. எனவே இந்தக் கிழமை பத்துப் பை சீமெந்து, அடுத்த கிழமை கம்பி, அதற்குப் பிறகு ஓடு என்று சிறிது சிறிதாக ஏற்ற வேண்டியிருந்தது. பெரிய லொறி இதற்கு வராது. வந்தாலும் உள்ளொழுங்கைக்குள் நுழையாது.

விளைபொருளும் அப்படித்தான். பெரும்போக நெல் தை முதல் பங்குனி வரை வயலிலிருந்து வீட்டுக்கும், வீட்டிலிருந்து ஆலைக்கும் போக வேண்டும். விசுவமடுப் பக்கத்துக் கச்சானும் மரக்கறியும் சந்தைக்குப் போக வேண்டும். முல்லைத்தீவுக் கரையிலிருந்து மீனும் ஐஸ் பெட்டியும் விடியும் முன் புறப்பட வேண்டும்.

இந்த ஓட்டத்தால் வேறு நன்மைகளும் உண்டு. இரவு வீட்டில் படுக்கலாம். வாகனம் பழுதானால் உங்களுக்குத் தெரிந்த கராஜ் பக்கத்திலேயே இருக்கும். ஏற்றிய பொருளுக்குப் பணம் தரவேண்டியவர் நாளையும் உங்கள் கண்ணில் படுவார். பல ஆண்டுகள் ஓட்டாமல் இருந்தவருக்குக் கையும் கண்ணும் பழைய பழக்கத்துக்கு வர இது நல்ல இடைவெளி.

முதலில் கடதாசிகள்

1. தேசிய அடையாள அட்டை. இது இல்லாமல் மற்ற எதுவும் நகராது. தொலைந்திருந்தால் உங்கள் கிராம அலுவலர் ஊடாக விண்ணப்பியுங்கள். பிறப்புச் சான்றிதழும் தொலைந்திருந்தால் அதன் பிரதியைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

2. சாரதி அனுமதிப்பத்திரம். தொலைந்திருந்தால் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து அதன் பிரதியைப் பெறுங்கள். அதனுடன் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் இணைப்பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். பழைய அனுமதிப்பத்திரத்தின் இலக்கம் எங்காவது எழுதியிருந்தால், ஒரு மங்கலான போட்டோப் பிரதியாக இருந்தாலும், அதைக் கொண்டுபோங்கள். காலாவதியாகி இருந்தால் புதுப்பிக்க மருத்துவச் சான்றிதழ் தேவை. அதைத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகம் வழங்குகிறது.

உங்கள் அட்டையில் எந்த வாகனப் பிரிவு இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். மொத்த எடை 3,500 கிலோகிராமுக்குக் கூடி 17,000 கிலோகிராம் வரையுள்ள லொறிக்கு சி1 பிரிவு வேண்டும். அதற்கும் மேற்பட்ட லொறிக்கு சி பிரிவு வேண்டும். லான்ட்மாஸ்டர் எனப்படும் இருசக்கர உழவு இயந்திரத்துக்கு ஜி1 பிரிவு உண்டு. மொத்த எடை என்பது வாகனமும் சுமையும் சேர்ந்த எடையாகும். ஒவ்வொரு பிரிவுக்கும் நேரே முடிவுத் திகதி இருக்கும். ஒரு பிரிவு செல்லுபடியாக இருக்கும்போதே இன்னொன்று முடிந்திருக்கலாம்.

3. வாகனத்தின் கடதாசிகள். பதிவுப் புத்தகம், காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் ஆகிய மூன்றும் வேண்டும். லொறிக்கு வருமான அனுமதிப்பத்திரம் பெறும்போது புகைப் பரிசோதனைச் சான்றிதழையும் வாகனத் தகுதிச் சான்றிதழையும் காட்ட வேண்டும். காப்புறுதியில் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி, உங்கள் வாகனத்தால் மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது. உங்கள் வாகனத்துக்கோ ஏற்றிய பொருளுக்கோ அதில் நட்டஈடு கிடைக்காது.

இடப்பெயர்வுக் காலத்தில் பெயர் மாற்றாமல் பல வாகனங்கள் கைமாறின. அப்படியான வாகனத்தை மலிவு என்று வாங்க வேண்டாம். பதிவுப் புத்தகத்தில் உள்ள பெயரும், இயந்திர இலக்கமும், அடிச்சட்ட இலக்கமும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்த பின்னரே முற்பணம் கொடுங்கள்.

சாரதி திரும்பி வராத வீடுகள்

சில குடும்பங்களில் வாகனம் இருக்கிறது, அதை ஓட்டியவர் இல்லை. அவர் இறந்திருக்கலாம், அல்லது எங்கே என்று தெரியாமல் இருக்கலாம். வாகனம் அவர் பெயரிலேயே பதிவாகி இருக்கும். அதை மலிவாக வாங்கிக்கொள்ளச் சிலர் வீட்டு வாசலுக்கே வருவார்கள். எழுதாத தாளிலோ நிரப்பாத படிவத்திலோ கையெழுத்துப் போட வேண்டாம். பதிவுப் புத்தகத்தையும் கையளிக்க வேண்டாம். மாவட்டத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தில் முதலில் ஆலோசனை பெறுங்கள். பெயர் மாற்றம் ஒழுங்கான பின்னர் அந்த வாகனத்தை நம்பிக்கையான சாரதி ஒருவரிடம் நாள் வாடகைக்குக் கொடுக்கலாம். அது விற்ற காசைவிட நீண்ட நாள் கைகொடுக்கும் வருமானமாகலாம்.

வாகனம் இல்லாமல் தொடங்கும் வழிகள்

சம்பளத்துக்கு ஓட்டுதல்: வன்பொருட்கடை, அரிசி ஆலை, பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம், மீன் வாடி ஆகியவற்றுக்குச் சாரதிகள் தேவைப்படுகிறார்கள். வருமானம் குறைவாக இருக்கலாம். ஆனால் டீசலும் ரயரும் பழுதும் உங்கள் தலையில் இல்லை.

நாள் வாடகைக்கு எடுத்தல்: வாகனச் சொந்தக்காரருக்கு ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு மிகுதியை நீங்கள் எடுப்பது. பழுது யார் பொறுப்பு, தண்டப்பணம் யார் பொறுப்பு என்பதை இரண்டு பேரும் எழுதிக் கையெழுத்திட்டு வையுங்கள். சொந்தக்காரர் உறவினராக இருந்தால் இது இன்னும் அவசியம்.

கூட்டாக ஓட்டுதல்: ஒருவரிடம் லான்ட்மாஸ்டரும் பெட்டியும், இன்னொருவரிடம் சிறிய பட்டா லொறியும் இருந்தால் சுமைக்கு ஏற்ப ஓட்டத்தைப் பகிரலாம். சேற்று ஒழுங்கைக்கு லான்ட்மாஸ்டர், தார் வீதிக்குப் பட்டா.

குறைந்தது மூன்று மாதம் இப்படி ஓட்டிப் பாருங்கள். அந்த மூன்று மாதத்தில் எத்தனை நாள் ஓட்டம் கிடைத்தது, எத்தனை நாள் சும்மா நின்றீர்கள் என்று கொப்பியில் எழுதி வையுங்கள். தவணைக்கு வாகனம் எடுப்பதா என்பதை அந்தக் கொப்பியைப் பார்த்து முடிவெடுங்கள்.

ஓட்டத்தைத் தேடிப் போங்கள்

சந்தியில் வாகனத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தால் மாத்திரம் போதாது. வன்பொருட்கடை முதலாளியிடம் உங்கள் தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுங்கள். சீமெந்து வாங்குபவர் கேட்கும் முதற் கேள்வி "கொண்டுபோக வாகனம் இருக்கா?" என்பதுதான். கமக்காரர் அமைப்பு, கிராம அபிவிருத்திச் சங்கம், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றின் கூட்டங்களுக்குப் போய் உங்கள் வாகனத்தின் அளவையும் நீங்கள் ஓடும் பகுதியையும் சொல்லுங்கள். உங்கள் வீதியில் எந்தெந்த வீட்டுக்கு எந்தக் கட்டப் பணம் வந்திருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பவருக்கே அடுத்த ஹயர் கிடைக்கும்.

விலை பேசும்போது நான்கு விடயங்களைத் தெளிவாக்குங்கள்: எங்கிருந்து எங்கே, எவ்வளவு எடை, ஏற்றி இறக்குவது யார், பணம் எப்போது. ஓர் உதாரணம்:

"அண்ணை, பரந்தனில இருந்து பதினைஞ்சு பை சீமெந்து, எவ்வளவு எடுப்பீங்கள்?"

"வீட்டு வாசல் வரைக்கும் வாகனம் வருமோ தம்பி? இறக்க ஆள் இருக்கோ, நான்தான் இறக்கோணுமோ?"

இந்த இரண்டு கேள்விகளையும் கேட்காமல் விலை சொன்னால், அரைக் கட்டை தூரம் சீமெந்துப் பை சுமக்க வேண்டி வரலாம்.

வாகனத்தின் அளவை மீறி ஏற்ற வேண்டாம். பட்டா லொறி ஏறத்தாழ 750 கிலோகிராம் சுமப்பதற்காகச் செய்யப்பட்டது. சீமெந்துப் பை ஒன்று 50 கிலோகிராம். ஆகவே பதினைந்து பையுடன் அதன் கணக்கு முடிந்தது. ஒரு கியூப் மணல் 100 கன அடி, அதன் எடை 4 தொன்னுக்கும் அதிகம். கால் கியூப் மணலே ஒரு தொன்னைத் தாண்டிவிடும். "ஒருக்காத்தானே" என்று ஏற்றினால் அச்சும் பிறேக்கும்தான் அதற்கு விலை கொடுக்கும். கயிறும் நல்ல படங்கும் எப்போதும் வாகனத்தில் இருக்கட்டும். நனைந்த சீமெந்துக்கான காசை உங்கள் கூலியில் கழிப்பார்கள்.

கையில் நிற்கும் காசு எல்லாம் வருமானமல்ல

இதுதான் பலரும் தவறவிடும் இடம். கீழே உள்ள எண்கள் கணக்கை விளக்குவதற்கான உதாரணம் மட்டுமே. உங்கள் வாகனத்தின் எண்களையும் அன்றைய டீசல் விலையையும் போட்டு நீங்களே செய்து பாருங்கள்.

ஒரு ஹயர், போக 20 கிலோமீற்றர், திரும்பி வர 20 கிலோமீற்றர். மொத்தம் 40 கிலோமீற்றர். வாகனம் லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடினால் 4 லீற்றர் தேவை. லீற்றர் 100 ரூபா என்றால் டீசல் 400 ரூபா. ரயர், ஒயில், பிறேக் தேய்மானத்துக்குக் கிலோமீற்றருக்கு 3 ரூபா ஒதுக்கினால் 120 ரூபா. உதவியாளுக்கு 300 ரூபா. மாதத் தவணை 26,000 ரூபா, மாதத்தில் 26 நாள் ஓட்டம் என்றால் ஒரு நாளுக்கு 1,000 ரூபா. நாளுக்கு இரண்டு ஹயர் என்றால் ஒன்றின் மீது 500 ரூபா. எல்லாம் சேர்த்து 1,320 ரூபா.

இந்த ஹயருக்கு 1,200 ரூபா வாங்கினால் என்ன நடக்கும்? டீசல் போக 800 ரூபா கையில் நிற்கும். உழைத்துவிட்டோம் என்று தோன்றும். உண்மையில் 120 ரூபா நட்டம். உங்கள் உழைப்புக்கு ஒரு சதமும் இல்லை.

அதே பயணத்தில் திரும்பி வரும்போது ஒருவரின் நெல்லையோ கோழித்தீனையோ 600 ரூபாவுக்கு ஏற்றிவந்தால் வரவு 1,800 ரூபா. செலவு ஏறத்தாழ அதேதான். இப்போது 480 ரூபா மிஞ்சுகிறது. உள்ளூர் ஓட்டத்தில் தூரத்தைக் கூட்டுவதால் இலாபம் வருவதில்லை, வெறுமையாகத் திரும்புவதைக் குறைப்பதால்தான் வருகிறது. எனவே புறப்படும் முன்னரே திரும்பும் சுமைக்காக இரண்டு பேருக்குத் தொலைபேசி எடுத்துக் கேளுங்கள்.

இன்னொன்று. ஐப்பசி முதல் மார்கழி வரை மழைக்காலம். கட்டட வேலை குறையும், உள்வீதிகள் சேறாகும். மாதத்தில் 18 நாள் மட்டுமே ஓடினால் அதே 26,000 ரூபாத் தவணைக்கு நாளொன்றுக்கு 1,400 ரூபாவுக்கு மேல் ஒதுக்க வேண்டும். தவணை முடியும்வரை வாகனத்தின் உரிமை தவணை கொடுத்த கம்பனியிடமே இருக்கும். கட்டத் தவறினால் அவர்கள் வாகனத்தை எடுத்துச் செல்லலாம். அதுவரை கட்டிய பணத்துடன், பிணை நின்ற உறவினரின் நிம்மதியும் போய்விடும். ஆகவே நல்ல மாதங்களில் இரண்டு தவணைக்கான பணத்தை வங்கியில் தனியாக வைத்த பின்னரே புது வாகனத்துக்குக் கையெழுத்திடுங்கள். ஒப்பந்தத்தை விளங்கும் மொழியில் கேட்டு வாசியுங்கள். விளங்காவிட்டால் வீட்டுக்குக் கொண்டுவந்து விளங்கியவரிடம் காட்டுங்கள்.

ஏற்றக்கூடாத சுமைகளும் இறங்கக்கூடாத இடங்களும்

பழைய இரும்பு: இது நல்ல கூலி தரும் சுமையாகத் தெரியும். ஆனால் காட்டிலும் கைவிடப்பட்ட காணிகளிலும் பொறுக்கிய இரும்புடன் வெடிக்காத வெடிபொருளும் கலந்து வரலாம். துருப்பிடித்தது என்பதால் அது செயலிழந்தது என்று அர்த்தமில்லை. குலுக்கலும் வெயிலும் போதும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத இரும்பை எந்தக் கூலிக்கும் ஏற்ற வேண்டாம். சிறுவர்கள் சேர்த்து விற்கும் இரும்பையும் வாங்க வேண்டாம்.

மிதிவெடி அபாயம்: துப்புரவு செய்யப்பட்ட வீதியை விட்டு விலக வேண்டாம். வாகனம் திருப்ப இடமில்லை என்றால் பற்றைக்குள் இறக்கித் திருப்பாமல், வந்த சக்கரத் தடத்திலேயே பின்னால் எடுங்கள். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையைக் கண்டால் அதற்கு அப்பால் சலம் கழிக்கவும் இறங்க வேண்டாம். வெள்ளம் வந்து போன இடங்களில் மண்ணுடன் வெடிபொருளும் அடித்துவரப்பட்டிருக்கலாம். தவறி உள்ளே போய்விட்டதாகத் தெரிந்தால் வாகனத்தை நிறுத்தி, இறங்காமல், தொலைபேசியில் உதவி கேளுங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119.

அனுமதி தேவைப்படும் பொருட்கள்: மணல், மரம், மாடு ஆகிய மூன்றையும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஏற்ற வேண்டாம். பனை மரமும் இதில் அடங்கும். பத்திரம் தன் வீட்டில் இருப்பதாகப் பொருளின் சொந்தக்காரர் சொன்னால், அதைக் கொண்டுவரும்வரை இயந்திரத்தை இயக்க வேண்டாம். வழக்கு வந்தால் ஓட்டியவர் நீதிமன்றம் போக வேண்டும், வாகனம் பொலிஸ் நிலையத்தில் நிற்கும்.

உடம்பையும் பாருங்கள்

உடலில் குண்டுச் சிதறல் உள்ளவர்கள், காது மந்தமானவர்கள், முதுகில் காயப்பட்டவர்கள் ஓட்டத் தொடங்கும் முன் வைத்தியரிடம் காட்டுங்கள். இரவில் நித்திரை வராமல் இருப்பது, பெரிய சத்தத்துக்குக் கை நடுங்குவது, ஓடிக்கொண்டிருக்கும்போதே பழைய காட்சிகள் கண்ணுக்கு வருவது, இவை கோழைத்தனமல்ல. இத்தனை அனுபவித்த உடம்பும் மனமும் அப்படித்தான் நடந்துகொள்ளும். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. மதுவால் நித்திரையைத் தேட வேண்டாம். விடியப்புறத்தில் மீன் ஏற்றப் போகிறவருக்கு முதல்நாள் இரவுக் குடி அப்போதும் உடலில் இருக்கும்.

குடும்பமாகச் செய்யும் தொழில்

சாரதி வீதியில் இருக்கும்போது வரும் தொலைபேசி அழைப்புகளை எடுப்பது, யார் கடன் வைத்திருக்கிறார் என்று எழுதுவது, காப்புறுதியும் வருமான அனுமதிப்பத்திரமும் முடியும் திகதிகளை நாட்காட்டியில் குறிப்பது ஆகியவை வீட்டிலிருந்தே செய்யக்கூடியவை. மனைவியோ வளர்ந்த பிள்ளையோ இதைப் பொறுப்பெடுத்தால் தொழிலின் பாதி ஒழுங்காகும். தினமும் இரவு ஐந்து நிமிடம் கொப்பியை ஒன்றாகப் பாருங்கள். இன்று எத்தனை கிலோமீற்றர், எத்தனை லீற்றர், எவ்வளவு வந்தது, எவ்வளவு வரவேண்டும். நான்கு நிரல்கள் போதும்.

தொடங்கும் முன் ஒருமுறை சரிபாருங்கள்

• அடையாள அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம் இரண்டும் கையில் உள்ளனவா? ஓட்டப்போகும் வாகனத்துக்கான பிரிவு அதில் உள்ளதா?
• வாகனத்தின் பதிவு, காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் சரியாக உள்ளனவா?
• மூன்று மாத ஓட்டக் கணக்கு கொப்பியில் உள்ளதா?
• இரண்டு தவணைக்கான பணம் வங்கியில் உள்ளதா?
• ஓடும் பகுதியில் எந்தெந்த இடங்கள் இன்னும் துப்புரவு செய்யப்படவில்லை என்று கிராம அலுவலரிடம் கேட்டீர்களா?

முதல் இரண்டும் ஐந்தாவதும் சரியென்றால் நாளையே இன்னொருவர் வாகனத்தில் ஓட்டத்தைத் தொடங்கலாம். ஐந்தும் சரியான நாளில் சொந்த வாகனம் பற்றிக் குடும்பத்துடன் இருந்து பேசுங்கள். கொழும்பு வீதி அப்போதும் அங்கேதான் இருக்கும்.